கார்லயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க

"நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் கார்லயே இருக்கேன்."

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் அம்மாக்கள், ஏதாவது ஒரு நேஷனல் பார்க்கின் பார்க்கிங்கில் கட்டாயம் ஒருமுறையாவது சொல்லும் வசனம் இது. முதல் நாள் சொல்வதில்லை. முதல் நாள் புதுசாக வாங்கிக் கொடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு உற்சாகமாகத்தான் இறங்குவார்கள். மூன்றாம் நாள் மதியம், எட்டாவதோ ஒன்பதாவதோ வியூ பாயின்ட் வரும்போது இந்த வசனம் வரும். மகனும் மருமகளும் பேரக் குழந்தைகளும் இறங்கி ஓடுவார்கள். அப்பா ஒரு தயக்கத்தோடு இறங்கி, கதவைப் பிடித்தபடி இரண்டு நிமிடம் நிற்பார். பிறகு அவரும் அம்மாவுக்குத் துணை என்ற பெயரில் உள்ளே உட்கார்ந்துவிடுவார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வரும் மகன் போனில் எடுத்த போட்டோவைக் காட்டுவான். பத்தாயிரம் மைல் பறந்து வந்தவர்கள் கிராண்ட் கேன்யனைப் பார்ப்பது அந்தச் சின்னத் திரையில்!

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மகனுக்குப் பாசம் இல்லையா? ஆறு மாதமாக எக்செல் ஷீட் போட்டு, லீவு சொல்லி, கை நிறையச் செலவழித்து அழைத்துப் போகிறான். தப்பு பாசத்தில் இல்லை, அந்த எக்செல் ஷீட்டில் இருக்கிறது.

வழக்கமாகப் போடப்படும் பிளான் ஒன்றைப் பார்ப்போம். லாஸ் வேகஸில் இறங்கி வாடகைக் கார். அங்கிருந்து சயான், பிறகு பிரைஸ் கேன்யன், பிறகு மோவாப் ஊரில் தங்கி ஆர்ச்சஸ், பிறகு மானுமென்ட் வேலி, பிறகு கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, மறுபடி லாஸ் வேகஸ். கூட்டிப் பார்த்தால் 1,100 மைலுக்கு மேல், அதாவது சுமார் 1,800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பி வந்து, மறுபடியும் மதுரைக்குக் கிளம்பிப் போகிற தூரம். இதற்கு ஐந்து நாள், மிஞ்சினால் ஆறு நாள். காரில் உட்கார்ந்திருப்பது மட்டுமே இருபது மணி நேரம் வரும். முப்பது வயதுக்காரனுக்கு இது சாகசம். முட்டி தேய்ந்த 68 வயதுக்காரருக்கு இது தண்டனை. அவர் வாய் திறந்து சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

ஏன் இப்படிப் பிளான் போடுகிறார்கள்? "இவ்வளவு தூரம் வந்துட்டாங்க, இனிமே எப்ப வரப்போறாங்க, எல்லாத்தையும் காட்டிடணும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளஸ் டூவில் பொருளியல் படித்த யாருக்கும் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி மறந்திருக்காது. முதல் ஆப்பிளில் இருக்கும் சுவை ஐந்தாவது ஆப்பிளில் இருக்காது. சிவப்புப் பாறைக்கும் அதே விதிதான். இதில் ஒரு வேடிக்கை, அந்த விதியின்படி பயன்பாடு பூச்சியத்துக்குக் கீழேயும் இறங்கலாம். மோவாப் போகும் வழியில், நான்கரை மணி நேரக் கார்ப் பயணத்தில், அது இறங்கியே விடுகிறது. விமான டிக்கெட்டுக்குப் போட்ட பணம் போட்டதுதான், அது திரும்பி வராது. அதை ஐந்தால் வகுத்தால் ஒரு பார்க்குக்கு இவ்வளவு, இரண்டால் வகுத்தால் அவ்வளவு என்று கணக்குப் போடுவது, மூழ்கிய செலவைப் பிடித்துத் தொங்குகிற வேலை.

ஆகவே ஐந்து பார்க் வேண்டாம், இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் மூன்று ராத்திரி தங்கினால் போதும்.

இப்படிச் சொன்னால் இன்னொரு கட்சி சண்டைக்கு வரும். வயசானவர்கள் என்ன கண்ணாடிப் பொம்மையா என்று. நியாயமான கேள்விதான். ஐ.டி. வேலையில் நாற்காலியோடு ஒட்டிப்போன மகனைவிட, தினமும் காலையில் கோவிலைச் சுற்றி வரும் அப்பா நன்றாகவே நடப்பார். பழனிக்குப் பாத யாத்திரை போனவர்கள், திருமலைக்குப் படியேறிப் போனவர்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். மலைக்கோவிலில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். முடியவில்லை என்றால் உடம்பு பாதியிலேயே சொல்லிவிடும், திரும்பி இறங்கிவிடலாம். கேன்யனில் எல்லாம் தலைகீழ். முதலில் இறக்கம். காற்று வாங்கிக்கொண்டு ஜம்மென்று இறங்கலாம். முடியவில்லை என்று உடம்பு சொல்லும்போது ஏற்றம் முழுக்க மிச்சம் இருக்கும், வெயிலும் ஏறியிருக்கும், கீழே போகப் போக வெப்பமும் கூடிக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் ஆறு வரை இறங்கித் திரும்ப முயலாதீர்கள் என்று பார்க் நிர்வாகம் எச்சரிப்பது கிழவர்களுக்கு மட்டும் இல்லை, இருபது வயதுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.

நல்ல செய்தி என்னவென்றால், இறங்க வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்க நேஷனல் பார்க்குகள் பாதிக்குப் பாதி காரில் வருகிறவர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. 1916ல் நேஷனல் பார்க் சர்வீஸ் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக இருந்த ஸ்டீபன் மேதர், மக்கள் வந்தால்தான் பூங்காக்கள் பிழைக்கும், ரோடு இருந்தால்தான் மக்கள் வருவார்கள் என்று நம்பியவர். கிளேசியர் பார்க்கில் மலையைக் குடைந்து போட்ட 'கோயிங் டு தி சன்' சாலை 1933ல் திறக்கப்பட்டது. பிறகு 1956 முதல் பத்து வருடம் 'மிஷன் 66' என்ற திட்டத்தில் ரோடுகளும் விசிட்டர் சென்டர்களும் வரிசையாகக் கட்டினார்கள். காட்டுக்குள் இத்தனை தார் ரோடு தேவையா என்று இயற்கை ஆர்வலர்கள் அன்றைக்கே திட்டினார்கள், இன்றைக்கும் திட்டுகிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முட்டி வலிக்காரர்களுக்கு அந்த ரோடுகள் கிடைத்தது வரம். காட்சி காரைத் தேடி வருகிறது.

கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பையே எடுத்துக்கொள்வோம். டெசர்ட் வியூ சாலை சுமார் 40 கிலோமீட்டர், சொந்தக் காரிலேயே போகலாம், வழியெல்லாம் நிறுத்திப் பார்க்கலாம். முடிவில் மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932ல் கட்டிய கல் கோபுரம். இன்னொரு பக்கம் போகும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் காரை விடமாட்டார்கள், இலவச பஸ்தான். ஆனால் நடக்கச் சிரமப்படுபவர்கள் இருக்கும் காருக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். நுழைவாயிலில் வாயைத் திறந்து கேட்டால் போதும். கேட்பவர்கள் ரொம்பக் குறைவு!

சக்கர நாற்காலி விஷயமும் இப்படித்தான். சென்னை ஏர்போர்ட்டில் வீல்சேர் கேட்டு வாங்கிக்கொண்டு இமிக்ரேஷன் வரிசையை ராஜா மாதிரி கடந்து போன அதே அப்பா, பார்க்கில் வீல்சேர் எடுக்கலாமா என்று கேட்டால் "எனக்கென்னடா ஆச்சு" என்று கோபித்துக்கொள்வார் :-) அங்கே அது சலுகை, இங்கே அது கௌரவக் குறைச்சல். சில பார்க்குகளின் விசிட்டர் சென்டரிலேயே இரவல் நாற்காலி கிடைக்கும். ஊரிலிருந்து கிளம்பும்போதே இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. வாசலில் போய்ப் பேசினால் வேலைக்கு ஆகாது.

தெற்கு விளிம்பில் 'ட்ரெயில் ஆஃப் டைம்' என்று ஒரு பாதை உண்டு. 2010ல் திறந்தது, சுமார் இரண்டு கிலோமீட்டர், சமதளம், தார் போட்டது. அதில் ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருடம் கடந்ததாகக் கணக்கு. பக்கத்தில் அந்தந்தக் காலத்துப் பாறைகளை எடுத்து வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். பாட்டி நூறு மீட்டர் நடந்து பெஞ்சில் உட்கார்ந்தால் பத்துக் கோடி வருடம் நடந்துவிட்டார். பேரன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் என்ன பெரிய வித்தியாசம்? இன்னொன்றும் இருக்கிறது. எதிரே பள்ளத்துக்குள் கோபுரம் கோபுரமாக நிற்கும் குன்றுகளுக்கு விஷ்ணு டெம்பிள், சிவா டெம்பிள், பிரம்மா டெம்பிள் என்று பெயர். கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880களில் இப்படிப் பெயர் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். கேன்யனின் அடியில் இருக்கும் மிகப் பழைய பாறைகளுக்கும் விஷ்ணு பெயர்தான். வயது சுமார் 170 கோடி வருடம். இதைச் சொன்னால் நம்மூர் அப்பா அம்மாக்கள் அந்தப் பள்ளத்தைப் பார்க்கும் பார்வையே மாறிப்போகும். ஆனால் இதையெல்லாம் சொல்ல நேரம் வேண்டும். பதினைந்து நிமிட ஸ்டாப்பில் சொல்ல முடியாது.

இப்போது யாரும் பிளானில் எழுதாத ஒரு விஷயம். பாத்ரூம்.

பெரியவர்கள் பலர் ரோடு ட்ரிப்பில் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் வண்டியை நிறுத்தச் சொல்லவேண்டும், நிறுத்தச் சொன்னால் மகனுடைய டைம்டேபிள் கெடும், அடுத்த கழிப்பறை எவ்வளவு தூரமோ தெரியாது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், அன்று காலை அந்த மாத்திரையையே சத்தமில்லாமல் விட்டுவிடுவார். மகனுக்குத் தெரியாது. வெளியே 40 டிகிரி, காற்றில் துளி ஈரம் இல்லை, வேர்ப்பது தெரியாமலேயே காய்ந்துவிடும். உள்ளே தண்ணீர் குடிக்காத, மாத்திரை போடாத ஒரு உடம்பு. இதுதான் ஆபத்து. கரடியும் பாம்பும் இதற்குப் பிறகுதான்.

எனவே மேப்பில் முதலில் குறிக்க வேண்டியது வியூ பாயின்ட்டை இல்லை, கழிப்பறையை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துக்கொண்டு, அதை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். யாரும் கேட்காமலேயே வண்டி நிற்கும் என்று தெரிந்தால்தான் பெரியவர்கள் பாட்டிலைத் திறப்பார்கள். நிறுத்தும்போது இறங்கி நாலு எட்டு நடப்பது காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் உதவும். இன்சுலின் போடுகிறவர் இருந்தால் மருந்தை நிறுத்தி வைத்த காரில் விடக்கூடாது, வெயிலில் கெட்டுப்போகும். அப்படியே ஆளையும் விடக்கூடாது. ஏ.சி. நின்ற காரில் "கார்லயே இருக்கேன்" என்பது ஜூலை மாதத்தில் விளையாட்டு இல்லை.

வெயில் ஒருபக்கம் என்றால் உயரம் இன்னொரு பக்கம். சயான் பள்ளத்தாக்கு சுமார் 1,200 மீட்டர். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு 2,100 மீட்டர், ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். பிரைஸில் கடைசி முனையான ரெயின்போ பாயின்ட் 2,778 மீட்டர், தொட்டபெட்டாவைவிட அதிகம். காரில் சுகமாக ஏறிப்போவதால் இது உறைப்பதில்லை. இறங்கி ஐம்பது அடி நடந்ததும் மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். இதயமோ நுரையீரலோ சரியில்லாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வரவே கூடாது. மற்றவர்களுக்கு, தாழ்வான இடத்திலிருந்து ஆரம்பித்து மெதுவாக உயரத்துக்குப் போவதும், முதல் நாள் சும்மா இருப்பதும் போதும். வரிசையை மாற்றுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

காலத்தையும் மாற்றலாம். அமெரிக்காவுக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் ஆறு மாதம் வரை தங்குகிறார்கள். பிறகு ஏன் ஜூலை நாலாம் தேதி லாங் வீக்எண்டில் அமெரிக்கா மொத்தமும் கிளம்பும் அதே நாளில் இவர்களையும் கிளப்பவேண்டும்? மகனுக்கு அப்போதுதான் லீவு, குழந்தைகளுக்கு அப்போதுதான் ஸ்கூல் இல்லை, அதனால். செப்டம்பர் கடைசியில் வெயில் தணிந்து, கூட்டம் குறைந்து இருக்கும்போது போனால் பார்க்கிங்குக்கே அரைமணி நேரம் சுற்ற வேண்டியதில்லை. அந்த ஊரின் ரிட்டயர்ட் ஆசாமிகளைக் கவனித்தால் தெரியும். பெரிய ஆர்.வி. வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்கூல் திறந்த பிறகுதான் கிளம்புகிறார்கள். ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது மைல், மதியம் மூன்று மணிக்கெல்லாம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அனுபவஸ்தர்கள்.

காசு விஷயம் கொஞ்சம் சொல்லவேண்டும். 62 வயதான அமெரிக்கர்களுக்கு வாழ்நாள் சீனியர் பாஸ் இருக்கிறது. 2017 வரை பத்தே டாலர், பிறகு 80 டாலர் ஆனது. அதுவும் சல்லிசுதான். ஆனால் அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் மட்டும். விசிட்டர் விசாவில் வந்த தாத்தாவுக்குத் தலை எவ்வளவு நரைத்திருந்தாலும் கிடையாது. அதோடு 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவர்களுக்கு ஆண்டு பாஸ் 250 டாலர் என்றும், அது இல்லாமல் போனால் கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ், எல்லோஸ்டோன் உட்பட 11 பார்க்குகளில் தலைக்கு 100 டாலர் கூடுதல் என்றும் வைத்துவிட்டார்கள். பழைய நண்பர்களின் கணக்கை நம்பி பட்ஜெட் போட்டால் வாசலில் முழிக்க வேண்டியிருக்கும். நாலைந்து பார்க்குக்கு ஓடுவதற்கு எதிராக இதுவும் ஒரு வாதம்.

மிச்சம் பிடிக்கிற இடம், பிடிக்கக் கூடாத இடம் என்று இரண்டு உண்டு. பார்க்குக்கு வெளியே ஒரு மணி நேர தூரத்தில் மலிவான மோட்டலைப் போட்டால் ஒரு ராத்திரிக்கு நூறு டாலர் மிச்சமாகலாம். ஆனால் மதியம் ஒரு மணிக்கு அம்மாவுக்குப் படுக்கவேண்டும் போல இருந்தால் படுக்க இடம் கிடையாது. உள்ளேயே இருக்கும் லாட்ஜ் என்றால் சாப்பிட்டு, தூங்கி, நாலு மணிக்கு மறுபடி வரலாம். அந்த நூறு டாலர் வாங்கித் தருவது அந்த மதியத் தூக்கத்தைத்தான். ஒரு வருடம் முன்பே புக் ஆகிவிடும் என்பதுதான் கஷ்டம். மெடிக்கல் இன்ஷூரன்ஸிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது. மலிவான பாலிசிகள் பலவற்றில் ஏற்கனவே இருக்கும் சுகரையும் பிரஷரையும் சேர்க்கமாட்டார்கள், பத்திரத்தைப் படித்துப் பார்த்து வாங்கவேண்டும். கிராண்ட் கேன்யன் கிராமத்தில் சின்ன கிளினிக் உண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபிளாக்ஸ்டாஃப் போகவேண்டும், 130 கிலோமீட்டர்.

சாப்பாடு பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. குட்டி ரைஸ் குக்கர், ஊறுகாய், தயிர். பார்க்குகளில் பிக்னிக் மேஜைகள் தாராளமாக இருக்கின்றன. சைவக்காரர்களுக்கு அந்தச் சிற்றூர்களில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸைத் தவிர பெரிதாக எதுவும் சிக்காது என்பதால் வேறு வழியும் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவர்களிடம் கேட்கவேண்டும். பிளான் ரெடியான பிறகு சர்ப்ரைஸாக அறிவிக்கும் பழக்கம் இருக்கிறதே, அது பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை. "உங்களுக்கு எது பிடிக்கும்" என்று கேட்டால் "உங்க இஷ்டம்பா" என்றுதான் பதில் வரும், அதை நம்பக் கூடாது. போட்டோவைக் காட்டிக் கேட்கவேண்டும். அம்மாவுக்குப் பாறையே பிடிக்காமல் இருக்கலாம், ஆறும் மரமும் பிடிக்கலாம். அப்படியென்றால் சயான் போதும். விர்ஜின் ஆற்றை ஒட்டிப் போகும் பாரூஸ் பாதை தார் போட்ட சமதளம். 2000ம் வருடத்திலிருந்து ஓடும் ஷட்டில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளத்தாக்கு முழுக்கப் போய் வரலாம். வண்டி ஓட்டுகிற கவலை இல்லாததால் மகனும் அன்றைக்கு ஒருநாள் பாறையைப் பார்ப்பான்.

இரண்டாவது இடம் பிரைஸ் என்றால் ஒரு சின்ன உபாயம். அங்கே ரோடு ஒரே கோடு, 29 கிலோமீட்டர், கடைசியில் முட்டிக்கொண்டு நிற்கும். வியூ பாயின்ட்கள் அநேகமாக எல்லாமே போகும்போது இடது கைப்பக்கம். அதனால் முதலில் எங்கேயும் நிறுத்தாமல் கடைசி வரை போய்விட்டு, திரும்பும்போது ஒவ்வொன்றாக வலது பக்கம் ஒதுங்கி நிறுத்திக்கொண்டே வரலாம். எதிர் வண்டியைக் குறுக்கே கடந்து திரும்புகிற வேலை மிச்சம். உயரமும் திரும்பி வர வரக் குறைந்துகொண்டே வரும். கடைசியாக சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் சன்செட் பாயின்ட்டுக்கும் நடுவே அரை மைல் தார்ப் பாதை. அங்கே வந்து சேரும்போது சாயங்காலம் நாலரை, ஐந்து மணி ஆகியிருக்கவேண்டும். ஃபிளாஸ்கில் காபி இருக்கவேண்டும். அதற்குப் பிறகு அன்றைய ஷீட்டில் எதுவும் எழுதியிருக்கக் கூடாது.